வாசலில் மாட்டிய கம்பி

செய்தி வந்தபோது நான் ஹட்டனிலிருந்து திரும்பும் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன். வெளியே ஒன்றும் தெரியவில்லை. பனிமூட்டம் கண்ணாடியில் அப்பிக்கொண்டிருந்தது. பஸ் போகிறதா, மலைதான் எங்களைக் கடந்து போகிறதா என்று சொல்ல முடியாத நேரம் அது. கடைசி வீட்டுப் பேச்சியம்மா அக்காவின் மகள்தான் போன் பண்ணினாள். "டீச்சர், நம்ம சேர் இல்லைங்க" என்றாள். கடைக்குப் பாண் வாங்கப் போன எங்கள் வாத்தியார் யோகராஜா சேர், தேயிலை ஆலைக்குப் பக்கத்து மதகில் கொஞ்சம் உட்கார்ந்திருக்கிறார். உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்று பிறகு சொன்னார்கள். என் இடம் வந்தும் நான் இறங்கவில்லை, அடுத்த வளைவில் நடத்துநர் பார்த்து இறக்கிவிட்டார்.

அவரிடம் புவியியல் படித்தவர்களும், எங்களோடு பாடசாலையில் வேலை செய்தவர்களும், தோட்டத்தின் மேல்கணக்கு லயத்து ஆட்களும் இதை வாசிப்பீர்கள். வகுப்பறையில் அவர் எப்படி என்பதை நீங்கள் எழுதுங்கள். நான் அவருடைய வாசலைப் பற்றி எழுதுகிறேன். லயத்து வரிசை வீடுகளில் அவர் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரு சுவர்தான். அந்தச் சுவரும் பேர் சொல்ல ஒரு சுவர், அவ்வளவுதான். அந்தப் பக்கம் தாளிப்பது இந்தப் பக்கம் மணக்கும்.

சேரின் மனைவி விமலாவுக்குப் பாரிசவாதம் வந்து இடது பக்கம் விழுந்துபோனது உங்களுக்குத் தெரியும். விமலா நல்ல உடம்புக்காரி. சேரோ, சட்டையைக் கொடியில் மாட்டி நடக்க விட்டதுபோல இருப்பார். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து வெளியே கழிவறைக்கு, மறுபடி கட்டிலுக்கு என்று தினமும் அவளைத் தூக்கி இறக்கினார். சில மாதத்தில் அவர் முதுகு பிடித்துக்கொண்டது. நுவரெலியாவில் உடற்பயிற்சிச் சிகிச்சை கொடுக்கும் சிங்களப் பிள்ளை ஒன்று விமலாவைப் பார்த்துவிட்டு இவரைத்தான் அதிகம் திட்டியதாம். முதலில் உங்கள் தோளையும் முதுகையும் பலப்படுத்துங்கள், இல்லாவிட்டால் பக்கத்துக் கட்டிலில் நீங்களும் படுக்க வேண்டி வரும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறது. விமலாவின் அண்ணன் வத்தளையில் இருக்கிறார். அவர் ஏற்கெனவே அவளைக் கீழே கூட்டிப்போய், முடியாதவர்களைப் பார்த்துக்கொள்ளும் ஓர் இல்லத்தில் சேர்த்துவிட வேண்டும் என்று போனில் சொல்லிக்கொண்டிருந்தார். விமலாவுக்கு மலையை விட்டு இறங்க மனமில்லை. வாய் குழறினாலும் அந்த ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்வாள்: "நான் போகல." ஆக, சேருக்குத் தோள் பலப்பட வேண்டும். இல்லாவிட்டால் விமலா போக வேண்டும். கணக்கு அவ்வளவுதான்.

அப்படித்தான் அந்தக் கம்பி வந்தது. வாசல் நிலைக்கு நடுவே குறுக்காக வைத்து முறுக்கினால் இரண்டு பக்கமும் இறுகிப் பிடித்துக்கொள்ளும், அதில் தொங்கி உடம்பை மேலே இழுக்கலாம் என்று போனில் ஒரு படம் பார்த்திருக்கிறார். ஹட்டனில் விளையாட்டுச் சாமான் கடையில் வாங்கி, பத்திரிகைத் தாளில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தார். படத்தில் இருந்த வாசல் வேறு. எங்கள் லயத்து நிலை வெள்ளைக்காரன் காலத்து மரம், சுண்ணாம்புச் சாந்தில் நின்றுகொண்டிருப்பது. சேர் ஆசையாக முறுக்க முறுக்க, கம்பி இறுகுவதற்குப் பதில் வீடு விலகிக் கொடுத்தது. சாந்து பொலபொலவென்று உதிர்ந்தது, கதவு சாத்த வரவில்லை. "பூமித்தட்டு நகருதுன்னு பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுப்பேன் டீச்சர், இப்ப கையால நகர்த்திட்டேன்" என்றார். பிறகு தோட்டத்து ஆசாரியைக் கூப்பிட்டு, சுவருக்குள் போகும் நீள ஆணிகளோடு இரண்டு மரக்கட்டைகள் அடித்து, அதில் கம்பியை உட்காரவைத்தார். கதவு உள்ளே திறப்பதால் கம்பி வெளிப்பக்கம் நின்றது. லயத்து வாசல் உயரம் குறைவு என்பதால் தொங்கும்போது முழங்காலை மடக்கிக்கொள்ள வேண்டும். அதற்கும் ஒரு முணுமுணுப்பு.

விடியற்காலையில் அவர் தொங்குவார். மேலே இழுக்கவெல்லாம் முடியாது, வெறுமனே தொங்குவார். எங்கள் லயம் கொத்மலை நீர்த்தேக்கத்தைப் பார்த்த மாதிரி இருக்கிறது. அந்த நேரத்தில் தண்ணீர் எது, பனி எது, வானம் எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. எல்லாம் ஒரே பால் நிறம். அதற்குள் ஒரு மனிதர் கண்ணை மூடிக்கொண்டு, கால் தரையில் படாமல், மூச்சு விட்டபடி தொங்கிக்கொண்டிருப்பார். தேநீர்க் கோப்பையோடு நான் எங்கள் வீட்டு முன் தாழ்வாரத்தில், இஸ்தோப்பில் நின்று பார்ப்பேன். பார்க்கப் பார்க்க எனக்கும் கால் தரையில் இல்லாததுபோல இருக்கும். ஒருநாள் அங்கே என்ன யோசிப்பீர்கள் என்று கேட்டேன். "ஒண்ணும் யோசிக்கிறதில்ல டீச்சர். தொங்கிப் பார்த்தாத்தான் நம்ம கனம் நமக்குத் தெரியுது. அதுக்கு முன்னால விமலா கனம் அவ்வளவு பெரிசா தெரியல" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது, கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

பேச்சியம்மா அக்கா விஷயத்தை எங்கள் லயத்தில் எல்லோரும் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். அக்கா தேயிலைக் கொழுந்து பறித்து ஓய்வுபெற்றவர், லயத்தில் கடைசி வீடு. கம்பி பூட்டிய வாரமே, தண்ணீர் எடுக்கப் பீலிக்குப் போனவர் பனிக்குள்ளே திரும்பிப் பார்த்திருக்கிறார். சேர் வீட்டு வாசலில் ஓர் உருவம் நிலையிலிருந்து தொங்குகிறது. வாளியைப் போட்டுவிட்டு ஓடிப்போய் சேரின் இரண்டு காலையும் கட்டிப் பிடித்து மேலே தூக்கிவிட்டார். போட்ட சத்தத்தில் லயமே எழும்பியது. நான் ஓடிப்போனபோது சேரின் முகவாய் கம்பிக்கு மேலே இருந்தது. "அக்கா, விடுங்க. உசுரோடதான் இருக்கேன். ஒடம்புக்காகத் தொங்குறேன்" என்று அவர் மேலேயிருந்து மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா விடவில்லை. எங்கள் லயங்களில் விடிந்ததும் அப்படி ஓர் உருவத்தைப் பார்த்த வீடுகள் இருக்கின்றன. அக்காவின் தம்பி போனது அப்படித்தான். அன்று தூக்கிப் பிடிக்க யாரும் இல்லை. சேர் கையை விட்டு, அக்காவின் தோளில் சாய்ந்தபடியே இறங்கினார். இறங்கி நெடுநேரம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் அக்கா மஞ்சளும் குங்குமமும் வேப்பிலையுமாக வந்தார். வாசற்காலில் தொங்குவது வீட்டுக்கு ஆகாது என்று லயத்தில் பேச்சு கிளம்பியிருந்தது. கம்பியைக் கழற்றச் சொல்லத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அக்கா கம்பியைத் துடைத்து, மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, வேப்பிலையைக் கட்டினார். "இனி இதுல நல்லதுதான் நடக்கணும்" என்று கம்பியிடமே சொன்னார், சேரிடம் சொல்லவில்லை. அதன் பிறகு ஒருவரும் அதைத் தரித்திரம் என்று பேசவில்லை. ஆயுதபூசைக்கு அரிவாளோடும் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியோடும் அதற்கும் சந்தனம் விழுந்தது. சேரும் தம் பங்குக்கு, "மொதத் தடவ மேல ஏறினது பேச்சியம்மா அக்கா தயவுல" என்று ஊரெல்லாம் சொன்னார்.

பறித்த கொழுந்தை எடைபோட்டுவிட்டு வரும் பெண்கள் ஒவ்வொருவராக அந்த வாசலில் நிற்கத் தொடங்கியது எப்போது என்று எனக்கு நினைவில்லை. நாள் முழுக்கத் தலையும் முதுகும் கீழே இழுபட்டவர்கள். கம்பியைப் பிடித்து உடம்பை விடுவார்கள். தோள் மெல்ல நெகிழும். ஒரு பெருமூச்சு வரும். பிறகு அடுத்தவர். சேலைத் தலைப்பில் தேயிலை வாசம் வரும். சேர் அந்த நேரத்தில் வீட்டுக்குள்ளே விமலாவுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருப்பார், வெளியே வர மாட்டார். ஏன் என்று கேட்டதற்கு, அவர்கள் கண்ணை மூடி நிற்கிற நேரத்தில் வாத்தியார் எதற்கு என்றார்.

ஒரு விடுமுறையில் விமலாவின் அண்ணன் வேனோடு வந்தார். கெட்ட மனிதர் இல்லை. தங்கையின் துணிமணிகளை எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு இஸ்தோப்பில் உட்கார்ந்து, தரையைப் பார்த்தபடி பேசினார். "மச்சான், நீங்க படிப்பிச்சுக் குடுக்கிற ஆளு. மூட்ட தூக்குற நாட்டாமி இல்ல. நீங்களும் விழுந்துட்டா யாரு பாக்குறது?" என்றார். சேர் வாதாடவில்லை. உள்ளே போனார். நான் என் வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். விமலாவை நாற்காலியிலிருந்து அணைத்துத் தூக்கி, முன்னறையைக் கடந்து, வாசல்வரை கொண்டுவந்துவிட்டார். நிலைக்குக் கீழே வந்ததும் அவர் முழங்கால் நடுங்க ஆரம்பித்தது. அண்ணன் பதறி எழுந்தார். அந்த நேரத்தில் விமலா தன் நல்ல கையை உயர்த்திக் கம்பியைப் பிடித்தாள்.

வாசல் உயரம் குறைவு என்பதால்தான் அவளுக்கு எட்டியது. பிடித்தவள், "விடுங்க" என்றாள். சேர் விடவில்லை. மறுபடியும், "விடுங்கன்னு சொல்றேன்ல" என்றாள். வியாதி வந்த பிறகு அத்தனை நீளமாக அவள் பேசி நான் கேட்டதில்லை. சேர் கையை மெல்ல மெல்லத் தளர்த்தினார், ஆனாலும் ஒரு விரல் தூரத்துக்கு மேல் விலக்கவில்லை. விமலா நின்றாள். பாதிக் கனம் கையில், பாதிக் கனம் ஒற்றைக் காலில். பனி விலகி நீர்த்தேக்கம் முழுசாகத் தெரிந்துகொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்தாள். சில மூச்சு நேரம்தான். ஆனால் அதற்குள் எங்கள் லயமே தரையிலிருந்து கொஞ்சம் எழும்பி நின்றதுபோல எனக்கு இருந்தது. அண்ணன் படியில் உட்கார்ந்து அழுதார். மாலையில் லீக்ஸ், கோவா என்று மலைக் காய்கறிகளை ஏற்றிக்கொண்டு வேன் திரும்பிப் போனது, விமலா போகவில்லை.

அன்றிலிருந்து சேர் அவளைத் தனியாகத் தூக்கியதில்லை. இவர் எழுப்புவார், அவள் பிடிப்பாள், இரண்டு பேரும் சேர்ந்து நிற்பார்கள். காலையில் அவர் தொங்கி முடித்ததும் அவள் முறை. இவர் பேச்சுக் கொடுப்பார், அவள் திட்டுவாள். கல்யாணமான புதிதில்கூட அவர்கள் வீட்டில் இவ்வளவு பேச்சு இல்லை. நான்தான் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்தேனே. சேர் கடைசிவரை தம் கையால் ஒரு தடவைகூட முழுசாக மேலே ஏறவில்லை. அதைப் பற்றி யாராவது கேட்டால், மேலே அப்படி என்ன இருக்கிறது என்று திருப்பிக் கேட்பார்.

பெட்டி எடுக்கும் நாளில், தூக்க வந்த பையன்கள் கம்பியைக் கழற்றிவிடலாமா என்று கேட்டார்கள். விமலா தலையை ஆட்டி மறுத்துவிட்டாள். அதனால் அவர்கள் நன்றாகக் குனிந்து, சேரைக் கம்பிக்குக் கீழாகக் கொண்டுபோனார்கள். பெட்டி வெளியேறியதும் விமலாவை வாசலுக்குக் கொண்டுவந்தோம். தேயிலை மலையில் பாதை வளைந்து, பறைச் சத்தம் தேய்ந்து, வெள்ளை வேட்டிகள் பனியோடு பனியாகும்வரை அவள் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். அழவில்லை. பிறகு கை தளர்ந்தது. நாங்கள் நாலைந்து பெண்கள் தாங்கிக்கொண்டோம்.

கருமாதி முடிந்த அன்று அண்ணன் மறுபடியும் பேச்செடுத்தார். இனி யார் தூக்குவது என்பதுதான் அவர் கேள்வி, அது நியாயமான கேள்வி. மறுநாள் காலை புறப்படுவதாக முடிவாயிற்று. விமலா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். எனக்கு எல்லார் மேலும் கோபம் வந்தது, செத்துப்போன சேர் மேலும் வந்தது.

விடிந்ததும் நான் அந்த வீட்டுக்குப் போனேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை. அண்ணன் பைகளை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தார். நான் கட்டிலருகே குனிந்து, விமலாவின் கக்கத்துக்குக் கீழே கையைக் கொடுத்து எழுப்பப் பார்த்தேன். அசையவில்லை. இன்னொரு முறை முயன்றேன். என் இடுப்புதான் சுளுக்கியது. மூன்றாவது முறைக்குக் குனிந்தபோது விமலா என் கழுத்தைச் சுற்றிக் கையைப் போட்டு, காதோரமாகச் சொன்னாள்:

"டீச்சர், அவரு எடது கால முன்னுக்கு வச்சுத்தான் தூக்குவாரு."

சேரின் கைக்கடிகாரத்தையும் புவியியல் புத்தகங்களையும் பாடசாலை கேட்டது, கொடுத்தாயிற்று. என்னிடம் இருப்பது அவர் கால் வைத்த விதம் மட்டும்தான். நான் காலை மாற்றி வைத்தேன். விமலா எழும்பினாள்.