சுடலைமுத்து அண்ணாச்சியும் மஞ்சள் விமானமும்

சுடலைமுத்து அண்ணாச்சி இறந்துவிட்டார். இன்று காலை, அவர் ஓட்டிய விமானமே அவர் மேல் வந்து மோதி...

தச்சநல்லூரில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருந்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் வற்றிய குளத்துக்குள் ரிமோட் விமானத்தைக் குட்டிக்கரணம் போடவைப்பவர். வீடியோக்களில் உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள்.

பொம்மை என்று நினைக்க வேண்டாம். ஆறடி மஞ்சள் இறக்கை, பெட்ரோல் இன்ஜின்.

காலேஜ் ப்ராஜெக்ட்டுக்கு மோட்டார் கட்ட அவர் கடைக்குப் போனேன். எங்கள் வீட்டில் முதன்முதலில் காலேஜ் படியேறியது நான்தான். யாரிடமும் வாய் திறந்து கேட்கத் தெரியாது.

ஓரமாகவே நின்றவளைப் பார்த்து, "ஏ பிள்ள, கரண்ட் கம்பம் மாதிரி எவ்ளோ நேரம் நிப்ப? உள்ள வா" என்றார். அடுத்த ஞாயிறே குளத்துக்கு வரச் சொன்னார்.

விமானத்துக்குள் ரிமோட் சிக்னலுக்கான பேட்டரியை வால் பக்கம் தள்ளி வைத்திருந்தார். அப்படி வைத்தால் ரிமோட்டில் விரல் பட்டாலே விமானம் திரும்பும். ஆனால் ஒரு நொடி அசந்தால் தானாக நேராகாது.

"வால் கனமா இருந்தாத்தான் பிள்ள ஆட்டம் இருக்கும்" என்பார். மூக்கு வானத்தைப் பார்க்க, தரையிலிருந்து ஓராள் உயரத்தில் அதை அப்படியே அந்தரத்தில் நிறுத்துவார்.

போன வருடம் ஒரு நாள், விமானம் தூரத்தில் இருந்தபோது மெதுவாகக் கேட்டார். "பிள்ள... வருதா, போகுதா?"

விளையாட்டு என்று நினைத்து முகத்தைப் பார்த்தேன். விளையாட்டு இல்லை.

விமானம் நம்மை விட்டுப் போகும்போது அதன் வலது நமக்கும் வலது. நம்மைப் பார்த்து வரும்போது எல்லாம் மாறிவிடும். எது என்று தெரியாமல் ரிமோட்டைப் பிடித்திருந்தால்...

"வருது அண்ணாச்சி" என்றேன்.

அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் பக்கத்தில் நின்று சொன்னேன். வருது. போகுது. தலைகீழா இருக்கு.

"யார்ட்டயும் சொல்லிராத. தெரிஞ்சா ரிமோட்டப் பிடுங்கி வச்சிருவானுவ" என்றார். பிறகு அவரே சிரித்தார். "நீ எங்க சொல்லப்போற? பேரு கேட்டாலே அரைமணி நேரம் யோசிப்ப."

தூரத்தில் தெரியாததால் கிட்டேயே ஆடவிட்டார். வாரத்துக்கு வாரம் இன்னும் கீழே, இன்னும் பக்கத்தில். மற்றவர்கள் கைதட்டினார்கள். நான் அவருக்கு ஓரடி பின்னால் தள்ளி நிற்கத் தொடங்கினேன்.

கூடப் பறக்கவிடும் ஜெபராஜ் அண்ணன் ஒரு தடவை கேட்டார். "என்னவே, இப்பல்லாம் பிள்ளைகிட்ட கேட்டுக் கேட்டுல்லா ஓட்டுதீரு?"

"அவ என் கோ-பைலட்டு வே. உமக்கு ஆள் இல்லன்னு வயித்தெரிச்சல்."

எல்லாரும் சிரித்தார்கள். கிளம்பும்போது ஜெபராஜ் அண்ணன் என்னிடம் தனியாக, "அண்ணாச்சிக்குக் கண்ணு நல்லாத்தான தெரியுது?" என்றார்.

ஆமாம் என்று தலையாட்டினேன்.

போன மாதம் எனக்கு வள்ளியூரில் வேலை கிடைத்தது. இந்த வாரத்திலிருந்து ஞாயிறும் போக வேண்டும். நேற்று போன் செய்து, "நாளைக்கு ஓட்ட வேண்டாம் அண்ணாச்சி" என்றேன்.

"நீ வேலையப் பாரு பிள்ள. இது பழகின கை."

திடீரென்று காற்று தூக்கிவிட்டதாக குரூப்பில் எழுதுகிறார்கள். இன்று எடுத்த வீடியோவைப் பார்த்தேன். குளத்துக்கரையில் நட்டிருந்த கொடி அசையவே இல்லை.

சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனேன். மைனியிடம், அவர் மனைவியிடம், எல்லாவற்றையும் சொன்னேன். ஜெபராஜ் அண்ணனும் கேட்டுக்கொண்டு நின்றார்.

மைனி அழவில்லை. என்னையே பார்த்தார்.

"இவ்ளோ பேசுதியே பிள்ள... இத முன்னாலயே எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா."

நாளை காலை பத்து மணிக்கு சிந்துபூந்துறை மயானத்துக்குக் கொண்டுபோகிறார்கள். தெரிந்தவர்கள் வாருங்கள்.

போய் வாருங்கள் அண்ணாச்சி... நான் சொல்லிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.