வரப்புப் புல்லும் என் எருமையும்

மேல்வயல்காரியைத் திட்டுவதற்கென்றே நான் ஒரு காலத்தில் வெள்ளென எழுந்திருக்கிறேன். அவள் வாய்க்கால் படித்துறைக்குத் துணி துவைக்க வருகிற நேரம் எனக்குத் தெரியும். வாயில் ஒரு பருக்கை போடாமல் போய் நின்று, அவளுடைய பூட்டன் வரைக்கும் இழுத்துப் போட்டுத் திட்டிவிட்டு வருவேன். அப்புறம்தான் எனக்குப் பசியே எடுக்கும்.

சண்டை தண்ணீருக்கு. ஆற்றிலிருந்து வரும் வாய்க்கால் முதலில் அவள் வயலுக்குப் பாயும். அங்கிருந்து வரப்பில் வெட்டிய வாமடை வழியாக எங்கள் வயலுக்கு இறங்கும். எங்களுக்குக் கீழே என் கொழுந்தன் வயல். எங்கள் முறை வருகிற நாளில் பகல் முழுக்க வாமடை திறந்து கிடந்தாலும் எங்கள் வயலில் கணுக்கால் நனையாது. வருஷத்துக்குக் கார், பிசானம் என்று இரண்டு பூ, அதாவது இரண்டு விளைச்சல். போன காரும் பதர், பிசானமும் பதர். இந்தக் காரில் கதிர் பால் பிடிக்கிற நேரம். இன்னும் நாலு நாள் வயலில் தண்ணீர் நிற்காவிட்டால் இதுவும் வைக்கோல்தான்.

என் வீட்டுக்காரருக்கு இதிலெல்லாம் கவலை கிடையாது. சீமையில் சண்டை நடந்துகொண்டிருந்த காலம் அது. மண்ணெண்ணெய் கிடைக்காததற்குச் சண்டை காரணம். மற்ற எல்லாவற்றுக்கும் ஏழரைச் சனி காரணம். மாசம் ஒரு தரம் ஆழ்வார்குறிச்சிக்கு நடந்து போய், சோசியரிடம் சனி நலமாக இருக்கிறாரா என்று விசாரித்துவிட்டு வருவார்.

"ஏட்டி, இந்தப் பூவும் போச்சுன்னா வயல வித்துப்போட்டுக் கொழும்புக்குக் கப்பல் ஏறிருவோம். தேயிலைத் தோட்டத்துக்குச் சனி வராது" என்றார்.

"சனி வராது, சரி. நீரு வருவீரே" என்றேன்.

கொழுந்தன் பக்கத்தில்தான் இருந்தான். "யண்ணே, வெளியாளுக்கு எதுக்கு விக்கணும்? நானே வாங்கிக்கிடுதேன்" என்றான். பிறகு என் பக்கம் திரும்பி, "மைனி, மேலவயக்காரி வாமடையில கல்ல வச்சு அடைக்கா. என் ரெண்டு கண்ணால பாத்தேன்" என்று எண்ணெய் ஊற்றினான்.

மறுநாள் எங்கள் முறை. உச்சிவெயிலில் எல்லோரும் கஞ்சிக்குப் போன நேரம் பார்த்து மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். அவள் வரப்பையே வெட்டித் தள்ளிவிடுவது என்று முடிவு. போகிற வழியெல்லாம் என்னென்ன சொல்லித் திட்டுவது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன்.

வாமடையில் கல் இல்லை. தண்ணீர் முழங்கால் உயரத்துக்குத் திமுதிமுவென்று என் வயலுக்குள் பாய்ந்துகொண்டிருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. திட்டுவதற்கு ஒன்றுமில்லாமல் செய்துவிட்டாளே பாவி!

இவ்வளவு தண்ணீரும் எங்கே போகிறது என்று அதன் பின்னாலேயே நடந்தேன். கீழ் வரப்பில் இடுப்பளவு புல். புல்லுக்குள் களகளவென்று சத்தம். விலக்கிப் பார்த்தால் நண்டு வளை. ஒன்றா, இரண்டா? சல்லடை மாதிரி ஓட்டை. கையை விட்டேன், முழங்கை வரை போயிற்று. உள்ளே இருந்த நண்டு விரலைக் கவ்விக்கொண்டது. அந்தப் பக்கம் என் கொழுந்தன் வயல் தளும்பிக்கொண்டு பச்சைப் பசேலென்று நின்றது.

விரலைச் சப்பிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தேன். ஒவ்வொரு நடவுக்கும் முன்னால் வரப்பைச் செதுக்கிச் சேறு பூசினால் நண்டு தங்காது. இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வரப்பு வெட்ட ஆள் வரத்தான் செய்தான். ஒவ்வொரு தடவையும் அவனைத் திருப்பி அனுப்பியது யார்? நான். என் கறவை எருமைக்கு வரப்புப் புல் என்றால் உயிர். "வெட்டாதலே, என் எருமைக்கு வேணும்" என்று நானே அவனை விரட்டினேன். எருமை இரண்டு வேளையும் குடம் நிறையக் கறந்தது. அந்தப் பாலைக் குடித்த தெம்பில்தான் நான் மேல்வயல்காரியைத் திட்டினேன்.

வந்த கோபத்தைப் புல்லின் மேல் காட்டினேன். செதுக்கித் தள்ளிவிட்டு, வளைகளைத் தோண்டிச் சேற்றை அடைத்து மிதித்தேன். நிமிர்ந்தால் மேல் வரப்பில் அவள். வெற்றிலையை மென்றுகொண்டு, கூத்துப் பார்க்கிற மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

"என்னளா, என் வரப்ப வெட்ட வந்தவ, ஒன் வரப்ப வெட்டிக்கிட்டு நிக்கே?"

"ஒனக்கு முன்னமே தெரியுமா?"

"ரெண்டு பூவாத் தெரியும்."

"தெரிஞ்சா வாயத் தொறந்து சொன்னா என்ன, மூதேவி?"

"நீ எங்க சொல்ல விட்டே? நான் வாயத் தொறக்குமுன்ன என் பூட்டன இழுத்துட்டு வந்துருவியே!"

சாயங்காலம் வரை மிதித்தும் வயலில் தண்ணீர் தங்கவில்லை. எங்கேயோ ஒரு பெரிய வளை மிச்சம் இருந்தது. எனக்கு அகப்படவில்லை. அவளுக்கு அது தெரியும் என்பது அந்தச் சிரிப்பிலேயே தெரிந்தது.

"எங்கன இருக்குன்னு சொல்லு."

"படித்துறையில வச்சுத்தான என்னத் திட்டுனே? படித்துறையில வச்சே ஒன் வாயால சொல்லு, தண்ணி எங்க போச்சுன்னு. அப்புறம் காட்டுதேன்." எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அவளைக் கழுத்தை நெரித்தால் என்ன என்று தோன்றியது. ஆனால் நெரித்தால் வளை தெரியாது. கொழும்புக் கப்பலும் கண்ணில் ஆடியது.

விடிந்ததும் படித்துறைக்குப் போனேன். பத்துப் பெண்கள் இருந்தார்கள். "தண்ணிய அவ திருடல. என் வரப்பு ஓட்டையிலதான் போச்சு. வரப்ப வெட்ட விடாதவளும் நான்தான்" என்றேன்.

அவள் துணியைக் கல்லில் அடித்துக்கொண்டே, "கேக்கலளா. திட்டும்போது அக்கரைக்குக் கேட்ட தொண்டைதான அது?" என்றாள்.

மறுபடி சொன்னேன். மூன்றாவது தடவையும் சொல்ல வைத்தாள், சண்டாளி.

ஆனால் சொன்ன சொல்லுக்கு வந்தாள். என் கொழுந்தன் நடந்து வருவதற்காகக் கீழ் வரப்பில் ஒரு மிதிகல் போட்டிருந்தான். அதைக் காலால் தட்டிக் காட்டினாள். புரட்டினால், அடியில் ஒரு குடம் உள்ளே போகிற அளவு பொந்து. நான் அதை மிதித்து அடைக்கும்போது கொழுந்தனே வந்துவிட்டான்.

"என்ன மைனி, பொம்பள வரப்பு மிதிச்சா ஊரு சிரிக்காதா?"

"சிரிக்கட்டும். ரெண்டு பூவா நீரு சிரிச்சது போதும்வே. ஒம்ம வயலுக்கு இனி ஒம்ம முறையில தண்ணி வரும்."

அடுத்த முறையில் தண்ணீர் வயலில் தங்கி நின்றது. முக்கால்வாசிக் கதிர் நெல்லாயிற்று. வயலை விற்கவில்லை, கப்பல் ஏறவில்லை. மேல்வயல்காரியும் நானும் அதற்கப்புறமும் சிரித்துப் பேசிக்கொண்டதில்லை. வரப்பு வெட்டுகிற ஆள் வந்தால் மட்டும் நானே அவன் முன்னால் போய் நின்று புல்லைச் செதுக்க வைத்தேன்.

களத்தில் நெல்லைப் பார்த்த என் வீட்டுக்காரர், "பாத்தியா, சனி விலகிட்டான்!" என்று பூரித்துப் போனார். ஆமாம், உங்கள் சனி நாலு காலில் தொழுவத்தில் நின்று வைக்கோல் தின்றுகொண்டிருக்கிறது என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. பாருங்கள், அப்போதும் பழியை எருமையின் தலையில்தான் போடப் பார்த்தேன்.