சபாநாயகர் கேட்டனுப்பிய நோட்டு

அறுபதுகளின் நடுவில், பம்பாய்ச் சட்டசபையில் ஆங்கிலச் சுருக்கெழுத்தாளனாக நான் சேர்ந்த முதல் வருடம் நடந்தது இது. மகாராஷ்டிரம் தனி மாநிலமாகிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. எனக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. மாட்டுங்காவிலிருந்து தினமும் ரயிலில் போவேன்.

மக்கள் நேராக ஓட்டுப் போட்டு அனுப்பியவர்கள் உட்காரும் கீழ்சபை அது. சபாநாயகரின் ஆசனத்துக்குக் கீழே எங்கள் மேஜை. ஐந்து நிமிடம் எழுதிவிட்டு ஒருவர் எழுந்தால் அடுத்தவர் உட்காருவார். எழுந்தவர் உள்ளே போய் டைப் அடித்துக் கொடுப்பதுதான் சபையின் பதிவு.

ஒருநாள் கேள்வி நேரத்தில், தாராவிப் பக்கம் குடிசைகளை அகற்றுவது பற்றி எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் கேட்டார். மாற்று இடம் தராமல் எதையும் அகற்ற மாட்டோம் என்றார் அமைச்சர். அதற்குள் ஒரே கூச்சல். சபாநாயகரின் மணி வேறு. நடுவில் சில வார்த்தைகள் என் காதில் விழவில்லை. கேட்டதை வைத்து நானே கோத்து எழுதிவிட்டேன்.

மறுநாள், அமைச்சர் ‘கூடுமானவரை’ என்று சேர்த்தே சொன்னதாக ஆளும் கட்சி உறுப்பினர் ஒருவர் எழுந்தார். கேள்வி கேட்டவர் மறுத்தார். அந்த ஒரு சொல் இருந்தால் அது வாக்குறுதியே இல்லை. நான் எழுதியதில் அந்தச் சொல் இல்லை. பதிவைப் பார்த்துச் சொல்வதாக அறிவித்த சபாநாயகர், என் சுருக்கெழுத்து நோட்டோடு தம் அறைக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பினார்.

வராந்தாவில் என் சக ஊழியன், பாலக்காட்டுக்காரன், கையைப் பிடித்துக்கொண்டான்.

“நன்னாக் காதுல விழுந்துதுன்னு சொல்லிடுடா. அந்த இரைச்சல்ல யாருக்குத் தெரியப்போறது? உளறினே, வேலை போயிடும்.”

வேலை மட்டுமா? எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்த்த திருநெல்வேலி அம்மாளின் குடிசையும் அந்தத் தாராவிப் பக்கம்தான் இருந்தது. “மளைக்கு முந்தி பிரிச்சிருவாகளோ, ஐயா?” என்று அன்று காலைகூடக் கேட்டிருந்தார். நான் ஒரு பொய் சொன்னால் இரண்டும் பிழைக்கும்.

சபாநாயகர் நோட்டை வாங்கிப் பிரித்து, டைப் அடித்த தாளில் அந்த வரியில் விரலை வைத்தார். “இதைத் தெளிவாகக் கேட்டீர்களா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். கேட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். “இல்லை, ஐயா. நானாக எழுதினேன்” என்றுதான் வந்தது. அவர் திட்டவில்லை. நோட்டை மூடித் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்தார்.

சபையில் அவர் என் பெயரையே எடுக்கவில்லை. அந்த இடத்தில் பதிவு உறுதியாக இல்லை, அது தம் செயலகத்தின் குறை என்றார். என்ன சொன்னார் என்பதை அமைச்சரே சொல்லட்டும் என்றும் கேட்டுக்கொண்டார்.

அமைச்சர் எழுந்தார். என்ன சொன்னாலும் மறுக்க அங்கே ஆதாரமில்லை. அப்போது எழுதும் முறை என்னுடையது; பென்சிலை நோட்டில் வைத்தேன்.

“கூடுமானவரை என்று சொல்ல நினைத்தேன். ஆனால் சொல்லவில்லை. சொன்னது சொன்னதுதான்.”

இரண்டு பக்கமும் மேஜைகளைத் தட்டிய ஓசையில் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அந்த மழைக்காலத்தில் ஒரு குடிசையும் பிரிக்கப்படவில்லை. என் வேலையும் போகவில்லை.

அதன்பின் எத்தனையோ ஆண்டுகள் அந்த மேஜையில் எழுதினேன். பெரிய பேச்சுகளெல்லாம் மறந்துவிட்டன, தமக்கே பாதகமான உண்மையை எழுந்து நின்று சொன்ன அந்த மனிதரை நினைத்தால் மட்டும் இன்றும் கை தானாகக் கும்பிடப் போகிறது.