வெற்றுப் பக்கத்தில் என் கையெழுத்து

எங்கள் பள்ளிக்கூடத்துப் பெற்றோர் கமிட்டியில் ஒரு வழக்கம் உண்டு. உள்ளே நுழைந்ததும் ஒரு சாயா, ஒரு பரிப்புவடை, பிறகு மினிட்ஸ் புத்தகம். பக்கத்தின் மேலே தேதி மட்டும் இருக்கும். அடியில் நாம் கையெழுத்துப் போட வேண்டும். நடுவில் கிடக்கிற வெள்ளை இடத்தை, கூட்டம் முடிந்து எல்லோரும் போன பிறகு, யாராவது ஒரு டீச்சர் சாவகாசமாக எழுதி நிரப்புவார். வாயைத் திறப்பதற்கு முன்பே தீர்மானத்துக்குச் சம்மதித்துவிடுகிற கமிட்டி கொச்சி மட்டாஞ்சேரியில் இது ஒன்றுதானா என்று தெரியாது. மூன்று வருடம் இதைக் கேலி செய்துகொண்டே நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். வாய் மட்டும்தான் எனக்கு நீளம்.

அந்த வருடம் பள்ளிகளுக்கென்று கார்ப்பரேஷனுக்கு அரசாங்கத்திலிருந்து கூடுதல் நிதி வந்தது. எங்கள் பகுதியில் உள்ள ஒவ்வொரு அரசுப் பள்ளியும் தனக்கு என்ன வேண்டும் என்று ஒரு திட்டம் எழுதித் தர வேண்டும். ஒரு சனிக்கிழமை கம்யூனிட்டி ஹாலில் கவுன்சிலர் முன்னால் அதை வாசிப்பார்கள். ஆட்சேபம் இல்லையென்றால் மேலே போய்விடும். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: பெண் பிள்ளைகளுக்குக் கதவு சாத்துகிற, தண்ணீர் வருகிற கழிப்பறை.

என் மகள் அங்கே ஏழாம் வகுப்பு. அந்த மழைக்காலத்தில் மட்டும் இரண்டு தடவை சிறுநீர்த் தொற்று வந்து காய்ச்சலில் சுருண்டு கிடந்தாள். பள்ளிக்கூடத்தில் எத்தனை தடவை பாத்ரூம் போவாய் என்று டாக்டரம்மா கேட்டார். போகவே மாட்டேன் என்றாள். போக வேண்டி வருமே என்று தண்ணீரும் குடிப்பதில்லையாம். இருக்கிற இரண்டு அறைகளில் ஒன்றைப் பூட்டி வைத்திருக்கிறார்கள். மற்றதுக்குத் தாழ்ப்பாள் இல்லை. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். இப்படியே போனால் கிட்னியைப் பாதிக்கும் என்று டாக்டர் சொன்னார்.

ஆட்டோவில் திரும்பி வரும்போது மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மீட்டிங்ல போய் என் பேரை இழுக்காதம்மா. கிளாஸ்ல எல்லாரும் அறிஞ்சா பின்னெ நான் ஸ்கூலுக்கே போக மாட்டேன். சத்தியம் பண்ணு."

பண்ணினேன்.

கமிட்டிக் கூட்டம் ஒரு வேலை நாளில், காலை ஒன்பது மணிக்கு. எனக்கு வெலிங்டன் தீவில் ஒரு கப்பல் ஏஜென்சியில் வேலை. ஒரு மணி நேரம் பெர்மிஷன் வாங்கியிருந்தேன். வழக்கம்போலச் சாயா, வழக்கம்போலக் கையெழுத்து. கழிப்பறை என்று ஆரம்பித்ததுமே ஹெட்மிஸ்ட்ரஸ் தலையை ஆட்டினார். கமிட்டித் தலைவர், "சேர்த்திடலாம், சேர்த்திடலாம்" என்றார். அவர் இதே பள்ளியில் என்னோடு படித்தவர், இப்போது பெயிண்ட் கடை வைத்திருக்கிறார். சேர்த்திடலாம் என்றால் சேர்ப்பார்கள் என்று நம்பி நான் பஸ்ஸுக்கு ஓடினேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெற்றோர் வாட்ஸப் குழுவில் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துப் போட்டார்கள். எனக்குத் தமிழைவிட மலையாளம் வேகமாக வாசிக்க வரும். இருந்தும் மூன்று தடவை வாசித்தேன். வளைவு வைத்த புது கேட். ஸ்மார்ட் ரூம். மேடைக்கு மைக் செட். கழிப்பறை என்ற சொல்லே இல்லை. எல்லோரும் ஒருமனதாக ஏற்றுக்கொண்டார்கள் என்று எழுதி, அதற்கு அடியில் மூன்றாவதாக என் கையெழுத்து, வாலைச் சுழித்துக்கொண்டு ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. எனக்கு வந்த கோபத்தில் போனை எறிந்திருப்பேன், இன்னும் தவணை முடியவில்லை.

ஹெட்மிஸ்ட்ரஸைக் கூப்பிட்டேன். கெட்டவர் இல்லை. என் கணவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இரண்டு நாள் என் மகளைத் தன் வீட்டில் வைத்துச் சோறு போட்டவர். அவரோடு பேசுவதெல்லாம் மலையாளத்தில்தான். அன்று அவர் குரல் தாழ்ந்திருந்தது. "டாய்லெட்டுக்கு வேற ஃபண்ட் வரும்னு சொல்லியிருக்காங்க. இந்தப் பணத்துல கண்ணுக்குத் தெரியிற மாதிரி புதுசா ஏதாவது செய்யணுமாம். டாய்லெட் மோசம்னு எழுத்துல ஒரு புகார்கூட வந்ததில்ல, நான் எதைக் காட்டிக் கேட்பேன்?" அதோடு விடவில்லை. "நாளைக்கு வெள்ளைப் பக்கம், கையெழுத்துன்னு எதையும் கிளறாதீங்க மோளே. எனக்கு ரிட்டயராக எட்டு மாசம்தான் இருக்கு."

அன்று இரவு நான் தூங்கவில்லை. பேசினால் இந்த அம்மாவுக்கு வினை. பேசாவிட்டால் என் பெண் இன்னும் ஒரு வருடம் தண்ணீர் குடிக்காமல் இருப்பாள்.

ஹாலில் மின்விசிறிகள் சத்தம் போட்டன, காற்றுத்தான் வரவில்லை. முதலில் வேறு இரண்டு பள்ளிகளின் திட்டம். பிறகு தலைவர் எழுந்து எங்களுடையதை வாசித்தார். ஆட்சேபம் உண்டா என்று கவுன்சிலர் பேப்பரைப் பார்த்துக்கொண்டே கேட்டார். நான் எழுந்தேன்.

"கேட் வேண்டாம். பெண் பிள்ளைகளுக்குக் கழிப்பறை வேணும்."

"நீங்க கமிட்டி மெம்பர்தானே?" கவுன்சிலர் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். "இது உங்க கையெழுத்து இல்லையா?"

"என்னுடையதுதான். நான் போடும்போது பக்கம் வெறுமையா இருந்தது. மூணு வருஷமா அப்படித்தான் போடுறேன். தப்பு என் பேர்லயும் இருக்கு."

பின்வரிசையில் சிரித்தார்கள். நான் ஹெட்மிஸ்ட்ரஸ் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால் உட்கார்ந்திருப்பேன்.

"டாய்லெட்டைப் பத்திப் புகார் ஒண்ணும் வரலையே," என்றார் கவுன்சிலர். "எந்தக் குழந்தைக்காவது கஷ்டம் வந்திருக்கா? யாருக்கு?"

தலைவர் என்னைப் பார்த்தார். "உங்க மகள் கொஞ்ச நாள் லீவுல இருந்தாளே, அவளுக்கு ஏதாவது…?"

ஹாலே என் பக்கம் திரும்பியது. ஆமாம் என்று ஒரு சொல் போதும், காரியம் முடிந்துவிடும். அவள் வகுப்புப் பிள்ளைகளின் அம்மாக்கள் நாலைந்து பேர் முன்வரிசையிலேயே இருந்தார்கள். திங்கட்கிழமை காலை மணி அடிப்பதற்குள் வகுப்பு முழுக்கப் பரவிவிடும்.

"எனக்கு," என்றேன். "நானும் அந்த ஸ்கூல்தான். அன்னைக்கும் தாழ்ப்பாள் கிடையாது. ஏழாம் கிளாஸ்ல, கணக்குப் பரீட்சை பாதியில, அடக்க முடியாம பாவாடையிலேயே போயிட்டேன். பெஞ்சிலேருந்து தரையில சொட்டுச்சு. வருஷம் முடியிற வரைக்கும் பையன்க எனக்கு ஒரு பட்டப்பேர் வச்சுக் கூப்பிட்டாங்க. பிரசிடென்டுக்கும் அந்தப் பேர் தெரியும். கேட்டுப் பாருங்க."

இதை என் கணவரிடம்கூட நான் சொன்னதில்லை. காது இரண்டும் எரிந்தன. பட்டப்பெயர் வைத்தவரே கமிட்டித் தலைவர்தான். பேப்பரை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். பிறகு மைக்கில் இல்லாமல், "கேட்டை வெட்டிடலாம் சார்" என்றார்.

முன்வரிசையில் ஒரு அம்மா, தன் மகளும் சாயங்காலம் வரை அடக்கித்தான் வைக்கிறாள் என்றாள். கவுன்சிலர் கேட்டையும் மைக் செட்டையும் அடித்துவிட்டு, கழிப்பறை, தண்ணீர்த் தொட்டி என்று தன் கையால் எழுதினார். இனிமேல் எழுதி முடித்த பக்கத்தில்தான் கையெழுத்து வாங்க வேண்டும் என்று ஹெட்மிஸ்ட்ரஸிடம் எல்லோர் முன்னாலும் சொன்னார். விசாரணை அது இது என்று எதுவும் வரவில்லை. ஆனால் ஹெட்மிஸ்ட்ரஸ் அதன் பிறகு ரிட்டயராகும் வரை என்னிடம் பேசவில்லை. அதில் எனக்கு இன்றும் வருத்தம்தான்.

வீட்டு வாசலிலேயே மகள் நின்றிருந்தாள். "என் பேரைச் சொன்னியா?"

"இல்ல. என் பேரைத்தான் சொன்னேன்."

எல்லாவற்றையும் சொன்னேன், பாவாடை, பெஞ்ச், பட்டப்பெயர் உட்பட. கேட் போய்க் கழிப்பறை வந்ததைச் சொல்லும்போது குரலில் கொஞ்சம் பெருமைகூட வந்துவிட்டது. கட்டிக்கொள்வாள் என்று நினைத்தேன். அவள் பிடித்துக்கொண்டது வேறு.

"அப்போ அங்கெ எப்படின்னு உனக்கு முன்னயே அறியும்."

"அறியும்."

"அறிஞ்சுக்கிட்டேயா என்னை அங்கெ சேர்த்த?"

ஃபீஸ் இல்லை, நடக்கிற தூரம், இத்தனை வருடத்தில் சரி செய்திருப்பார்கள் என்று நினைத்தேன் என்று எல்லாம் நாக்கு வரை வந்தது. சரி செய்திருக்கிறார்களா என்று ஒரு நாள் போய் அந்தக் கதவைத் திறந்து பார்த்திருக்கலாம். நான் பார்க்கவில்லை. அந்த வராந்தாப் பக்கம் போகவே எனக்குக் கூச்சமாக இருந்தது, அவ்வளவுதான்.

"ஆமா," என்றேன்.