கஞ்சி போகாத கட்டுத்துணி

"புரிஞ்சுதா?" என்று டாக்டரம்மா கேட்டபோது தலையாட்டினேன். "வேற ஏதும் கேக்கணுமா?" என்றார். வேண்டாம் என்று அதற்கும் ஆட்டினேன். உண்மையில் இரண்டு கேள்விகள் இருந்தன. ரத்தம் நிற்காவிட்டால் என்ன செய்வது? சாப்பிட என்ன கொடுப்பது? ஆனால் கதவு திறந்திருந்தது. வெளியே பெஞ்சில் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் காதுபட வாய் திறப்பதைவிட நானும் ஒரு பல்லைப் பிடுங்கிக்கொள்ளலாம் என்று தோன்றியது.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. இரண்டாம் வகுப்பு படித்த மகளைச் சொத்தைப் பல் எடுக்க ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கூட்டிப் போயிருந்தேன். பல் இருந்த இடத்தில் பஞ்சு வைத்து, அரை மணி நேரம் இறுக்கிக் கடித்திருக்க வேண்டும் என்பது உத்தரவு. அவள் கடித்துக்கொண்டுதான் இருந்தாள். என்னால்தான் சும்மா இருக்க முடியவில்லை.

பஸ் கிளம்பியதும், "ஆ காட்டு தாயி" என்றேன். பஞ்சைத் தூக்கிப் பார்த்தேன். சிவப்பு. திரும்ப வைத்தேன். அடுத்த நிறுத்தத்தில் மறுபடி ஒரு ஆ. பாதி வழியில் பஞ்சு ஊறிப் பிய்ந்துவிட்டது.

அங்கேதான் என் தொழிலறிவு விழித்துக்கொண்டது. நான் அப்போது தறி ஓட்டிக்கொண்டிருந்தேன். நாங்கள் நெய்தது ஆஸ்பத்திரிக் கட்டுத்துணி. தூக்குவாளி துடைப்பதற்காகத் தறியிலிருந்து வெட்டிய புதுத் துண்டு ஒன்று பையில் கிடந்தது. ஊர்ப்பட்ட புண்ணையெல்லாம் கட்டுகிற துணி என் மகள் வாய்க்கு ஆகாதா? சுருட்டி வைத்துவிட்டேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

வீட்டில் மனைவி, பிள்ளையின் வாயருகே குனிந்தவள் முகத்தைச் சுளித்தாள்.

"என்னங்க, கஞ்சி வாடை அடிக்கு?"

"கட்டுத்துணிதான். நம்ம தறியில ஓடுனது."

"வெளுத்ததா?"

வெளுக்காததுதான். தறியில் ஏற்றும் நூலுக்குக் கஞ்சி போடுவார்கள். வெளுப்புப் பட்டறையில் அந்தக் கஞ்சி போய், துணி வெந்து சுத்தமான பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு. எங்கள் தெருவில் இது தெரியாத ஆள் கிடையாது.

"எம்புட்டு வருசமா தறி ஓட்டுதீங்க?" என்றபடி அவள் துணியை உருவினாள். ரத்தம் மறுபடி ஊறியது. மகள் அழவில்லை. என்னையே பார்த்தாள். ரத்தம் நிற்காமல் போனால் அதற்குக் காரணம் பல் இல்லை, நான்.

அடுத்த பஸ்ஸில் திரும்பினோம்.

"எத்தனை தடவை எடுத்துப் பாத்தீங்க?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"ரெண்டு தடவை."

மகள் வாயைத் திறக்காமல் ஒரு கையின் ஐந்து விரல்களையும் விரித்துக் காட்டினாள். பிறகு மறு கையையும் தூக்கினாள்.

"உறையுற ரத்தத்தை ஒவ்வொரு தடவையும் பிச்சு எடுத்திருக்கீங்க. பிறகு எப்படி நிக்கும்?" வாயைக் கழுவிப் புதுப் பஞ்சு வைத்தார். "பாப்பா கடிச்சுக்கிடட்டும். நீங்க கையைக் கட்டிக்கிட்டு உக்காருங்க."

பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தோம். அவள் பஞ்சைக் கடித்தாள். நான் விரல்களை அக்குளில் இறுக்கிக்கொண்டு சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தேன். அரை மணி கழித்து டாக்டரம்மா எடுத்துப் பார்த்து, "நின்னுருச்சு" என்றார்.

எனக்குத் திடீரென்று வாய் வந்தது. "சாப்பிட என்ன குடுக்கலாம்?" என்றேன், தேவைக்கு மேல் சத்தமாக.

"மரத்தது தெளிஞ்ச பொறவு ஆறுன பால்சோறு குடுங்க. இதை அப்பவே கேட்டிருக்கலாமே?"

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அப்படியொன்றும் உயிர் போய்விடவில்லை.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்த மகள் பக்கம் மெல்லத் திரும்பினேன். நான் எதுவும் சொல்வதற்கு முன்பே உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அம்மாட்டதான் காட்டுவேன்" என்று கைக்குள்ளிருந்து சத்தம் வந்தது.