விடாத கிளட்ச்

எந்தக் கியர் போட்டாலும் ரொட்டி வேன் பல்லை நறநறவென்று கடித்தது. அம்மா உள்ளங்கையால் கியர் கம்பியை ஓங்கி அறைந்தாள். வண்டி ஒரு குதி குதித்து நின்றது.

"உங்கப்பன் சொன்ன மாதிரி கியர் பாக்ஸே போச்சுடா."

அப்பன் அப்படிச் சொல்லிக்கொண்டு திரிந்ததற்குக் காரணம் இருந்தது. பாக்ஸ் போனால் அவள் வண்டியைப் பழைய இரும்புக்குத் தள்ளுவாள். பிழைப்பு போகும். கை ஓய்ந்தவள் வீட்டில் மறுபடி நுழைந்துவிடலாம் என்பது அவன் கணக்கு. முன்பு ஒருநாள் அவன் அவள் பல் இரண்டை உடைத்தான். அவள் வீல் ஸ்பானரால் அவன் மணிக்கட்டை உடைத்து வெளியே தள்ளினாள். அதிலிருந்து கடைத்தெருவில் அவள் ஸ்பானர் அக்கா. யாராவது அப்படிக் கூப்பிட்டால், இல்லாத பல் தெரியச் சிரிப்பாள்.

மகனுக்குக் கார் தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் வேலை.

"எஞ்சினை அணைம்மா. இப்போ ஒவ்வொண்ணா போடு."

எல்லாக் கியரும் சத்தமில்லாமல் விழுந்தன. எஞ்சினை ஓடவிட்டதும் மறுபடி கடித்தன.

"ஒரு கியர் மட்டும் கடிச்சா பாக்ஸ் மேல சந்தேகப்படலாம். இது எல்லாமே கடிக்குது, அதுவும் ஓடும்போது மட்டும். நீ பெடலை மிதிச்சாலும் கிளட்ச் முழுசா விடல."

"விடுன்னா விடாதா? அப்போ உங்கப்பனுக்குச் சொந்தம்தான்."

வண்டிக்கடியில் கிளட்ச் சிலிண்டர் எண்ணெய் கசிந்து நனைந்திருந்தது. மகன் வாஷர்களை மாற்றினான். மிச்சம், குழாயில் புகுந்த காற்றை எடுப்பது. அது இரண்டு ஆள் வேலை. அவன் அடியில் படுத்தான். அவள் சீட்டில் உட்கார்ந்தாள்.

"மிதி. பிடி."

அவன் காற்றை வெளியே விடும் திருகைத் தளர்த்தினான். எண்ணெயோடு குமிழிகள் வந்தன. அப்போதுதான் மேலே சத்தென்று ஒரு அடி விழுந்தது. கியர் கம்பியைத்தான் அறைகிறாள் என்று நினைத்தான்.

"காலை எடுத்துடாதேம்மா! காத்து உள்ள போயிடும்!"

மறுபடி ஒரு அடி. ஏதோ கண்ணாடியில் மோதியது.

"சீக்கிரம் முடிடா," என்றாள் அம்மா. குரல் கொழகொழத்தது.

அவன் திருகை இறுக்கினான். "விடு."

பெடல் மேலே வந்தது. கூடவே கதவும் படாரென்று திறந்தது. வண்டிக்கடியிலிருந்து பார்த்தபோது அப்பனின் செருப்பு தெரிந்தது. மகன் ஊர்ந்து வெளியே வருவதற்குள் முடிந்துவிட்டது. அப்பன் முழங்காலில் கிடந்தான். புருவம் பிளந்து ரத்தம் சட்டைக்காலரில் இறங்கியது. அம்மாவின் கையில் ஸ்பானர். ஒரு பக்கத் தலைமுடி கொத்தாகப் பிய்ந்து தொங்கியது. உதடு கிழிந்திருந்தது.

"ஜன்னல் வழியா முடியைப் பிடிச்சு இடிச்சான்."

"கத்தக் கூடாதாம்மா?"

"நீதானே காலை எடுக்காதேன்னே."

அப்பன் எழுந்தான். "உன் வண்டியும் நீயும் எத்தனை நாளைக்குன்னு பாக்கிறேன்டி," என்று ரத்தத்தைத் துப்பிவிட்டு நடந்தான்.

"போற வழியில கண்ணைத் துடைச்சுக்கோ, எதுலயாவது மோதப்போறே," என்று அவள் பின்னாலிருந்து குரல் கொடுத்தாள்.

அவனிடம் வீட்டுப் பின்கதவுச் சாவி ஒன்று திரும்பி வாங்கப்படாமலே இருந்தது. மகன் அதை நினைவுபடுத்தினான். ரொட்டி போட்டுவிட்டு வரும் வழியில் புதுப் பூட்டு வாங்கி வருவதாகச் சொல்லி, உதட்டில் துணியை அமுக்கிக்கொண்டு கிளம்பினாள்.

மறுநாள் காலை அவள் முகத்தில் சோப்பு போட்டுக்கொண்டிருந்தாள். கண் மூடியிருந்தது. ஸ்பானர் வண்டியில் கிடந்தது. அப்பன் இரும்புக் கம்பியோடு பின்னால் வந்து தலையில் அடித்தான். விழுந்த பிறகும் அடித்திருக்கிறான். கதவை உடைத்த அடையாளம் இல்லை என்றார் கொலையை விசாரிக்க வந்த போலீஸ்காரர்.

முந்தின நாள் சாயங்காலம் மகனைப் போனில் கூப்பிட்டிருந்தாள்.

"கியர் தொட்டாலே விழுதுடா. சுகமா இருந்துச்சா, நிறுத்த மனசே வரல. பூட்டுக் கடையைத் தாண்டி நேரா வீட்டுக்கே வந்துட்டேன். நாளைக்கு வாங்கிக்கிறேன்."