மணிக்கூண்டு இருபத்தாறு அடியான கதை

எட்டாம் வகுப்பை அப்போது மூன்றாம் பாரம் என்பார்கள். அதை முடித்து நாலாம் பாரம் போகும்போது கணக்கு இரண்டாகப் பிரியும். ஜெனரல் கணக்கு பொதுவானது. பின்னால் இன்ஜினீயரிங், சயன்ஸ் என்று போக நினைப்பவர்களுக்குக் காம்போசிட் கணக்கு. எங்கள் வகுப்பில் பெண்பிள்ளைகள் என்னையும் சேர்த்து நாலே பேர். நாலு பேருக்கும் கேட்காமலே ஜெனரல் என்று எழுதிவிடுவார் கணக்கு வாத்தியார். "வீட்டுச் செலவுக் கணக்குப் பாக்க அது போதும்மா" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். காம்போசிட் வேண்டும் என்று மூன்று தடவை போய் நின்றேன். மூன்றாவது தடவை அவருக்கே அலுத்துவிட்டது.

"சனிக்கிழமை சின்னப் பிள்ளைக பள்ளிக்கூடத்துக்குப் போறோம்ல, அங்கன நீ கணக்குப் பாடம் நடத்து. கோயில் மணிக்கூண்டு ஒசரத்த மேல ஏறாம அளந்து காட்டு. ஒரு அடிக்கு மேல தப்புச்சுன்னா ஜெனரல்தான். பெறகு எங்கிட்ட வந்து நிக்கக் கூடாது" என்றார்.

மாதத்தில் ஒரு சனிக்கிழமை எங்கள் ஹைஸ்கூலிலிருந்து நாலைந்து பேர் ஏதாவது ஒரு கிராமத்து ஆரம்பப் பள்ளிக்கு விஞ்ஞானமும் கணக்கும் காட்டப் போவோம். பையன்கள் காந்தம், பூதக்கண்ணாடி, தலைகீழாகக் கவிழ்த்தாலும் தண்ணீர் கொட்டாத டம்ளர் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்வார்கள். திரும்பி வரும்போது காந்தம் மட்டும் அநேகமாக எங்களோடு வராது. இந்தத் தடவை ஆவூர்ப் பக்கம் ஒரு வேதக்கார ஊர். பள்ளிக்கூடத்துக்கு எதிரிலேயே மாதா கோயில், அதன் பக்கத்தில் உச்சியில் சிலுவை வைத்த மணிக்கூண்டு. வெள்ளையடிக்க ஏறியபோது சிலுவை நுனியிலிருந்து கயிறு விட்டு அளந்திருந்தார் மணியடிப்பவர். அந்த அளவை வாத்தியார் காதில் மட்டும் சொன்னார்.

வேலை சுலபமானதுதான். பள்ளிக்கூட முற்றத்தில் மூன்றடிக் கம்பை நட்டேன். மணி பத்து இருக்கும். நிழலின் நுனியில் கோடு கிழித்துப் பிள்ளைகளை விட்டே அளக்கச் சொன்னேன். அதுவும் சரியாக மூன்றடி! இதைவிட நல்ல சகுனம் கிடைக்குமா?

"கம்பு மூணடி, நெழலும் மூணடி. அப்ப மணிக்கூண்டு நெழல் எத்தனை அடியோ, மணிக்கூண்டும் அத்தனை அடிதான்" என்றேன். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக்கூடப் புரிந்துவிட்டது. நாடாவை எடுத்துக்கொண்டு எல்லோரும் கோயிலைப் பார்க்க ஓடினோம்.

பாதி வழியில் ஆரம்பப் பள்ளித் தலைமை ஆசிரியர் மறித்தார். "எலை போட்டாச்சு, வாங்க. சாப்பிட்டுட்டு அளந்துக்கலாம்."

"அளந்துட்டு வந்துர்றேங்க சார், அஞ்சே நிமிசம்" என்றேன்.

எங்கள் வாத்தியார் முறைத்தார். "எலை போட்ட பெறகு நிக்க வைக்கிறது மரியாதையா? மணிக்கூண்டு எங்கிட்டும் ஓடிறாது. வந்து உக்காரு."

உட்கார்ந்தேன். பொங்கல், இட்லி, வடை, மேலே இனிப்புப் பணியாரம். போதும் என்றால் அந்த ஊரில் இன்னும் இரண்டு என்று பொருள். எங்கள் வாத்தியார் ஒவ்வொரு தடவையும் போதும் என்று சொல்லிச் சொல்லியே ஒன்பது இட்லி சாப்பிட்டார். எழுந்திருக்க ஒரு மணி நேரம் ஆனது. கையைக் கழுவிக்கொண்டு ஓடிப்போய் மணிக்கூண்டின் நிழலை அளந்தேன். சிலுவை உச்சி நடுவில் இருப்பதால் அடித்தளத்தில் பாதியையும் மறக்காமல் சேர்த்துக்கொண்டேன். என் சாமர்த்தியத்தில் எனக்கே பெருமை. வகுப்புக்குள் வந்து, அளந்த விதத்தைப் பிள்ளைகளுக்கு அரை மணி நேரம் விளக்கிவிட்டுக் கரும்பலகையில் பெரிதாக எழுதினேன்: இருபத்தாறு அடி.

வாத்தியார் மணியடிப்பவரைப் பார்த்தார். அவர் தலையைச் சொறிந்துகொண்டே, "நாப்பதுங்க" என்றார்.

"எங்க வீட்டுத் தென்னமரமே இதவிட ஒசரம்க்கா!" என்று ஒரு குட்டி கத்தியது. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். என்னோடு வந்த பையன்கள் அதற்கு மேல். வாத்தியார் மட்டும் சிரிக்கவில்லை. "இதுக்குத்தாம்மா ஜெனரல் போதும்னேன்" என்று மெதுவாகச் சொன்னார். அந்த மெதுவான குரல்தான் தாங்கவில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பிள்ளைகள் பார்க்கக் கூடாது என்று ஜன்னல் பக்கம் திரும்பினேன்.

வெளியே என் கம்பு அப்படியே நின்றது. பத்து மணிக்கு நான் கிழித்த கோடும் இருந்தது. நிழல் மட்டும் கோட்டைவிட்டு வெகுதூரம் உள்ளே வந்திருந்தது.

அழுகை போய்க் கோபம் வந்தது. "சார், கம்ப அளந்தது சாப்பாட்டுக்கு முன்னாடி. மணிக்கூண்ட அளந்தது சாப்பாட்டுக்குப் பின்னாடி. அளக்கப் போனவள உக்கார வச்சது நீங்க" என்றேன். சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்று உறைத்தது. தலைமை ஆசிரியர் தன் வேட்டிக் கரையை ஆராயத் தொடங்கினார்.

வாத்தியார் வாய் திறப்பதற்குள் பிள்ளைகளை வெளியே கூட்டிப்போனேன். பாதிப் பேரைக் கம்பிடமும் பாதிப் பேரை மணிக்கூண்டிடமும் நிறுத்தினேன். நான் கையைத் தட்டியதும் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் கோடு கிழிக்க வேண்டும். தட்டினேன். கம்பின் நிழல் ஒன்றரை அடி. அதாவது கம்பில் பாதி. மணிக்கூண்டின் நிழல், அடித்தளத்தில் பாதியையும் சேர்த்து, இருபது அடிக்கு மூன்று அங்குலம் குறைவு.

"அப்ப மணிக்கூண்டு எத்தனை அடி?"

"ரெட்டிப்பு!" என்று மொத்தப் பள்ளியும் கத்தியது. முப்பத்தொன்பதரை.

வாத்தியார் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு பஸ்ஸுக்கு நடந்தார். பஸ்ஸிலும் என்னைப் பார்க்காமல் முன் ஸீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார். எதிர்த்துப் பேசிய வாயை ஊர் வந்து சேரும்வரை நானே திட்டிக்கொண்டு வந்தேன்.

திங்கட்கிழமை வகுப்புக்குள் நுழைந்ததும் பட்டியலை விரித்தார். "காம்போசிட் போறவங்கள்லாம் எந்திரிங்க."

ஒன்பது பையன்கள் எழுந்தார்கள். நான் மேஜையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் எண்ணினார். மறுபடியும் எண்ணினார். பிறகு மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"பத்துப் பேருன்னுல்ல எழுதியிருக்கேன். ஒனக்கென்னம்மா, காலு வலியா?"